நெய்தல் படித்தோம், நீந்தப் படித்தோமா?



போர்ட்டிக்சன் என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்குத் தெலுக் கெமாங் கடற்கரைதான் நினைவுக்கு வரும். பொது விடுமுறை நாளில் அங்கே பாய் விரிக்க இடம் கிடைப்பது அரிது. வாழைப்பழப் படகின் இரைச்சல் ஒரு பக்கம், ஒலிபெருக்கிப் பாட்டு மறுபக்கம். அந்தக் கூட்டத்தைத் தாண்டிக் கடலோரச் சாலையில் மேலும் தெற்கே சென்று வலப்பக்கம் திரும்பினால், கடலுக்குள் நீண்டு நிற்கும் காட்டுமுனை ஒன்று வரும். அதுதான் தஞ்சோங் துவான். அதன் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் சிறிய குடாவைப் 'புளூ லகூன்' என்று அழைக்கிறார்கள். முனையும் மரங்களும் காற்றை மறிப்பதால் அங்கே பெரிய அலை கிடையாது. நீர் குளத்தைப் போல் கிடக்கும்.

சுற்றிலும் நெகிரி செம்பிலான் மாநிலமாக இருந்தாலும், அந்த முனை மட்டும் மலாக்காவுக்குச் சொந்தம். 1606ஆம் ஆண்டில் டச்சுக்காரர்களும் போர்த்துகீசியர்களும் கப்பல்களோடு மோதிக்கொண்டது இதன் அருகில்தான். குன்றின் மேல் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. மார்ச் மாதத்தில் சுமத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் தேன்பருந்துகள், ஏறத்தாழ 38 கிலோமீட்டர் கடலைத் தாண்டிய களைப்போடு இந்தக் காட்டைத்தான் முதலில் வந்தடைகின்றன. அவற்றைப் பார்ப்பதற்கென்றே ஆண்டுதோறும் பறவை ஆர்வலர்கள் அங்கே கூடுகிறார்கள்.

அந்தப் பருந்துகளைக் காட்டுவதற்காகத்தான் சென்ற மார்ச் மாதம் என் ஒன்பது வயது மகளையும் என் அம்மாவையும் அங்கே அழைத்துச் சென்றேன். அம்மா பாய் விரித்த இடத்துக்கும் தண்ணீருக்கும் இடையே முப்பதடி இருக்கும். உட்கார்ந்தவுடன் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அம்மாடி, பிள்ளையத் தண்ணிப் பக்கம் விட்டுடாதே" என்பதுதான்.

நானும் சிறுமியாக இருந்தபோது இதே வார்த்தையைத்தான் கேட்டேன். அம்மாவிடம் அவருடைய அம்மாவும் இதையேதான் சொல்லியிருப்பார். தண்ணீரைப் பற்றி நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கற்றுத் தரப்படும் ஒரே பாடம் இதுதான் என்று நினைக்கிறேன். இந்தப் பாடம் போதாது என்பதுதான் இக்கட்டுரையின் கருத்து. அதைச் சொல்வதற்கு முன், இதே குடாவில் நடந்த ஒன்றை நான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2003ஆம் ஆண்டு. நான் இறுதியாண்டு மாணவி. எங்கள் தமிழ் மன்றம் புதிய மாணவர்களுக்காக இரண்டு நாள் முகாமைப் போர்ட்டிக்சனில் நடத்தியது. முப்பத்தேழு பேர் போயிருந்தோம். முதல் நாள் இரவு இலக்கிய அங்கம் என் பொறுப்பு. கடலோரத்தில் தங்கியிருக்கிறோமே என்று நெய்தல் திணையை எடுத்துக்கொண்டேன். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று முறையாக விளக்கினேன். நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல், தெய்வம் வருணன் என்று பட்டியலிட்டேன். ஐங்குறுநூற்றில் நெய்தல் பற்றிய நூறு பாடல்களைப் பாடியவர் அம்மூவனார் என்பதையும் சொன்னேன். கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை எல்லாரும் இந்தக் குடாவுக்கு வந்தோம். கூட்டமில்லாத இடம், அலையில்லாத கடல், ஆகவே ஆபத்தில்லாத இடம் என்று ஏற்பாட்டுக் குழுவினர் நாங்கள் முடிவு செய்திருந்தோம். அப்போது கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. வெகுதூரம் வரை முழங்காலளவு நீர்தான். மாணவர்கள் பாறைகள் வரை நடந்து போய்ப் பந்து விளையாடினார்கள். நேரம் போனது தெரியவில்லை. கடல் மெல்லத் திரும்பி ஏறிக்கொண்டிருந்ததும் தெரியவில்லை.

நான் கரையில் தர்ப்பூசணிப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். முதலாமாண்டுத் தம்பி ஒருவர் கழுத்தளவு நீரில் நின்று வானத்தைப் பார்ப்பதுபோல் தலையை அண்ணாந்திருப்பதைக் கண்டேன். கைகள் இரண்டும் நீருக்குள் மேலும் கீழும் அசைந்தன. சத்தமே இல்லை. விளையாடுகிறார் என்று நினைத்து மீண்டும் பழத்தை நறுக்கத் தொடங்கினேன். ஆம், அதைத்தான் செய்தேன்.

சற்றுத் தள்ளிப் படகு இயந்திரத்தைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பெரியவருக்கு மட்டும் அது விளையாட்டாகத் தெரியவில்லை. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார். கயிறு கட்டிய காலி எண்ணெய்த் தோங் ஒன்றைத் தூக்கி அந்தத் தம்பியின் கைக்கு எட்டும்படி வீசினார். "பெகாங்! பெகாங்!" என்று கத்தினார். தம்பி அதைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் கயிற்றை இழுத்துக் கரை சேர்த்தார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. தம்பி வாந்தி எடுத்தார், அழுதார், பிழைத்துக்கொண்டார்.

பெரியவர் எங்களைத் திட்டவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "இத்தனை பேரில் நீந்தத் தெரிந்தவர் யார்?" என்று மட்டும் கேட்டார். முப்பத்தேழு பேரில் ஒருவர்கூடக் கையை உயர்த்தவில்லை. முந்தைய இரவு நெய்தலுக்கு உரை சொன்ன நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதன் பிறகு நாங்கள் செய்ததுதான் இன்னும் மோசம். வீட்டுக்குத் தெரிந்தால் அடுத்த ஆண்டு முகாமுக்கு யாரையும் அனுப்பமாட்டார்கள் என்று பயந்து, யாரிடமும் சொல்வதில்லை என முடிவெடுத்தோம். அவ்வாண்டு மலரில் வெளிவந்த முகாம் அறிக்கை, 'அனைத்து அங்கங்களும் இனிதே நடந்தேறின' என்று முடிந்தது. அந்த அறிக்கையை எழுதியவள் நான்தான். அந்தத் தம்பி இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். பெயர் குறிப்பிடாமல் எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்கக்கா, நாலு பேருக்காவது உதவட்டும்" என்றார். இத்தனை ஆண்டுகள் கழித்து அந்த அறிக்கையை இப்போது திருத்துகிறேன்.

இதை ஒரு முகாமின் கவனக்குறைவு என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் முப்பத்தேழு பேரில் ஒருவருக்குக்கூட நீச்சல் தெரியவில்லை என்பது கவனக்குறைவு மட்டும் அன்று. அதற்குப் பின்னால் நம் சமுதாயத்தின் கதை ஒன்று இருக்கிறது.

நம் முன்னோர்கள் கடல் வழியாகத்தான் இங்கு வந்தார்கள். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் பெயரைக் கேட்டால் இன்றும் கண்கலங்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் மிகப் பலர் கரையிறங்கியதும் கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பால்மரக் காட்டுக்குள்தான் அவர்கள் வாழ்க்கை ஓடியது. பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் ஆறும் கால்வாயும் கைவிடப்பட்ட ஈயக்குட்டையும்தான். அங்கே போன பிள்ளைகளில் சிலர் வீடு திரும்பவில்லை. கற்றுக்கொடுக்க ஆளில்லாத இடத்தில் தாய்மார்கள் என்ன செய்வார்கள்? 'தண்ணிப் பக்கம் போகாதே' என்று சொல்லி வளர்த்தார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் கையிலிருந்த ஒரே பாதுகாப்பு அதுதான். ஆகவே அம்மாவின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

அம்மா பிறந்தது லிங்கி ஆற்றுப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். துரை பங்களாவில் நீச்சல் குளம் இருந்ததாம். என் தாத்தா அங்கே தோட்டக்காரர். வாரத்துக்கு ஒருமுறை அந்தக் குளத்தைத் தேய்த்துக் கழுவுவது அவர் வேலை. பல ஆண்டுகள் கழுவினார், ஆனால் தண்ணீர் நிரம்பிய பிறகு அதில் ஒருநாளும் இறங்கியதில்லை. ஆண்டுக்கொரு முறை தோட்டத்து லாரியில் எல்லாரும் போர்ட்டிக்சனுக்கு வருவார்களாம். சோற்றுச் சட்டியும் கோழிக்கறியும் பாயும் லாரியில் வரும். பெண்கள் சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு கால் நனைப்பார்கள். ஆண்கள் இடுப்பளவு நீரில் இறங்குவார்கள். மாலையானதும் திரும்பிவிடுவார்கள். கடலோடு அவர்களுக்கு இருந்த உறவு அவ்வளவுதான்.

இன்று நாம் லாரியில் போகவில்லை. சொந்த மகிழுந்தில் போகிறோம். பட்டம் பெற்றிருக்கிறோம். ஆனால் கடலோடு நம் உறவு தாத்தா காலத்தைவிட அதிகம் மாறியிருக்கிறதா? நம் பிள்ளைகளைக் கணினி வகுப்புக்கு அனுப்புகிறோம், பரதநாட்டியத்துக்கு அனுப்புகிறோம், கூடுதல் வகுப்புக்கு அனுப்புகிறோம். நீச்சல் வகுப்பு அந்தப் பட்டியலில் கடைசியில் நிற்கிறது, அல்லது நிற்பதே இல்லை.

நம் இலக்கியத்தில் கடலுக்கும் நீருக்கும் குறைவில்லை. ஐந்திணையில் ஒன்றைக் கடலோரத்துக்கே ஒதுக்கிய இனம் நாம். சங்கப் பாடல்களில் பெண்கள் கடலாடுகிறார்கள், அலவனாட்டுகிறார்கள், புனலாடுகிறார்கள். அந்த இலக்கிய உலகம் நீரின் அழகை மட்டும் சொல்லவில்லை, அதன் ஆபத்தையும் சொல்லியிருக்கிறது. காவிரி வெள்ளம் ஆட்டனத்தியை அடித்துக்கொண்டு போனதையும் ஆதிமந்தி கரையெல்லாம் தேடி அலைந்ததையும் நாம் தேர்வுக்குப் படித்திருக்கிறோம். வள்ளுவரோ தம் பத்தாவது குறளிலேயே பிறவியைப் பெருங்கடலாக்கி, அதைக் கடப்பதை நீந்துதல் என்கிறார். நீந்துதல் என்பது தம் வாசகருக்குத் தெரிந்த செயல் என்று நம்பியதால்தானே அவர் அந்த உவமையைத் தேர்ந்திருப்பார்? நாம் அந்தக் குறளைப் பொருளோடு ஒப்பிக்கிறோம். ஆனால் இடுப்பளவு நீரில் கால் தவறினால் நமக்குச் செய்வதறியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

தமிழருக்குக் கடல் ஒத்துவராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இலங்கையின் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆனந்தன் 1971இல் பாக் நீரிணையை நீந்திக் கடந்து, நீந்தியே திரும்பினார். தமிழ்நாட்டின் குற்றாலீசுவரன் 1994இல் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக அதே நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தார். கற்றுக்கொண்டவர்களுக்கு வந்தது. நாம் கற்றுக்கொள்ளவில்லை.

இனி, அன்று எங்களை ஏமாற்றிய அந்த அமைதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலை இல்லாத கடலைக் கண்டால் பயம் விட்டுப்போகிறது. ஆனால் மலாக்கா நீரிணையில் கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. பழந்தமிழில் இந்த ஏற்றத்தை ஓதம் என்பார்கள். ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு வந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இந்த வேறுபாடு ஓர் ஆள் உயரத்தை எட்டக்கூடும். காலை ஒன்பது மணிக்கு முழங்காலளவு இருந்த இடத்தில் நண்பகலில் தலை மூழ்கலாம். ஆரவாரம் எதுவும் இல்லாமல் ஏறுவதால் நமக்குத் தெரிவதில்லை. மேலும், கடலுக்குள் நீளும் முனைகளைச் சுற்றி ஓடும் நீரோட்டம் வேகம் கொள்ளும். குடாவுக்குள் குளம்போல் இருக்கும் நீர், முனையைத் தாண்டியதும் ஆறுபோல் ஓடலாம். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று சொன்ன முன்னோருக்கு இது தெரிந்திருந்தது.

மூழ்குவதும் அமைதியாகத்தான் நடக்கிறது. திரைப்படத்தில் வருவதுபோல் மூழ்குபவர் கையை ஆட்டிக் 'காப்பாற்றுங்கள்' என்று கத்துவது அரிது. வாய் நீருக்கு மேல் வரும் ஒரு கணத்தில் மூச்சை இழுக்கத்தான் நேரம் இருக்கும், கூவ நேரமிராது. கைகள் தாமாகவே நீரைக் கீழே அழுத்தும், உயர்த்தி ஆட்ட முடியாது. அமெரிக்க உயிர்காப்பாளர் ஃபிராங்க் பியா 1970களில் இதைப் படம் பிடித்தே காட்டினார். இந்த நிலையில் ஒருவர் நீரின் மேற்பரப்பில் போராடக்கூடியது 20 முதல் 60 வினாடிகள்தான் என்பது அவர் கணிப்பு. அன்று நான் கண்டது இதைத்தான். பார்த்துக்கொண்டே இருந்தும் எனக்குப் புரியவில்லை. அந்தப் பெரியவருக்குப் புரிந்தது.

உலகச் சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 300,000 பேர் நீரில் மூழ்கி மாண்டிருக்கிறார்கள். ஐந்து முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளின் இறப்புக் காரணங்களில் இது மூன்றாவது இடத்தில் நிற்கிறது. ஐக்கிய நாட்டு நிறுவனம் 2021இல் ஜூலை 25ஆம் நாளை இதற்கான விழிப்புணர்வு நாளாக அறிவித்தது. சிங்கப்பூர் 2010ஆம் ஆண்டிலிருந்து தொடக்கப்பள்ளி மாணவர்களுக்காக 'சுவிம்சேஃபர்' என்னும் நீர்ப் பாதுகாப்புத் திட்டத்தை நடத்தி வருகிறது. அங்குள்ள நம் பிள்ளைகள் பள்ளியிலேயே மிதக்கப் பழகுகிறார்கள். இங்கே பெரும்பாலான நம் தமிழ்ப்பள்ளிகளில் ஓடி விளையாடத் திடல் கிடைப்பதே சிரமம், நீச்சல் குளத்துக்கு எங்கே போவது? ஆகவே இந்தக் கல்வியை நாம்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

இதைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போதெல்லாம் சில மறுப்புகள் வருகின்றன. அவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

'தமிழ் மன்றத்தின் வேலை தமிழ் வளர்ப்பது, நீச்சல் கற்றுத் தருவதா?' என்கிறார்கள். பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போவது மன்றம்தானே? அழைத்துப் போகிறவர்களுக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பும் உண்டு. அதற்கும் மேலாக, தமிழ் வளர வேண்டுமானால் தமிழ் பேசும் பிள்ளை முதலில் உயிரோடு இருக்க வேண்டும்.

'நீச்சல் தெரிந்தவர்கள்தாம் துணிந்து ஆழத்துக்குப் போய்ச் சாகிறார்கள்' என்றும் சொல்கிறார்கள். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பாக் நீரிணையை வென்ற ஆனந்தனே 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிர் நீத்தார். நான் கேட்பது சாகசத்தை அன்று. நல்ல நீச்சல் வகுப்பில் முதலில் கற்றுத் தருவது வேகமாக நீந்துவதை அல்ல. பதற்றப்படாமல் மல்லாந்து மிதப்பதையும், எப்போது நீரில் இறங்கக்கூடாது என்பதையும்தான் கற்றுத் தருகிறார்கள். கற்றபின் கடலின்மேல் மரியாதை கூடுகிறது. என் அனுபவம் அதுதான்.

மூன்றாவது மறுப்பு பெண் பிள்ளைகளைப் பற்றியது. 'வெயிலில் கறுத்துப் போவாள், அந்த உடையில் எப்படி அனுப்புவது, தலைமுடி வீணாகும்.' இவையெல்லாம் எனக்கும் சொல்லப்பட்டவைதாம். நான் நீச்சல் கற்றது முப்பத்து நான்காம் வயதில், ஊராட்சிக் குளத்தில், ஏழு வயதுப் பிள்ளைகளோடு நின்று. முதல் வகுப்பில் முகத்தை நீருக்குள் வைக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆனது. பக்கத்திலிருந்த சிறுமி, "ஆன்டி, பயப்படாதீங்க, மூக்குல காத்து விடுங்க" என்று சொல்லிக் கொடுத்தாள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை மறைக்கும் நீச்சல் உடைகள் இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. ஊராட்சிக் குளத்தில் நுழைவுக் கட்டணம் ஒரு திரைப்பட நுழைவுச்சீட்டின் விலைகூட இல்லை. நிறம் கறுக்கும் என்பதற்காக ஒரு பெண்ணுக்கு உயிர்காக்கும் கலையைக் கற்றுத் தராத சமுதாயம், தன் முகத்தைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறை சொல்வது எளிது. ஆகவே மன்றத்தின் பொறுப்பாளர்களுக்கு ஒரு முன்னாள் உறுப்பினராகச் சில பரிந்துரைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, உங்கள் பல்கலைக்கழகத்தில் நீச்சல் குளம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஊராட்சிக் குளத்துக்குப் போங்கள். முதலாமாண்டு மாணவர்களுக்குப் பத்து வகுப்புகள் ஏற்பாடு செய்யுங்கள். பெண்களுக்குத் தனி நேரம் வேண்டுமென்றால் அதையும் கேட்டுப் பாருங்கள். பேச்சுப் போட்டிக்கும் நாடக விழாவுக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதி போதும்.

இரண்டாவது, கடற்கரைக்குப் போகும் நாளில் ஏற்ற இறக்க அட்டவணையைப் பாருங்கள். கைப்பேசியிலேயே கிடைக்கிறது. நீரில் இறங்கும் நேரத்தையும் ஏறும் நேரத்தையும் நிகழ்ச்சி நிரலில் எழுதுங்கள். நீந்தத் தெரிந்த மூவரைக் கரையில் நிறுத்துங்கள். அவர்கள் வேலை பார்ப்பது மட்டும்தான். பழம் நறுக்குவது அன்று. கால்மணி நேரத்துக்கு ஒருமுறை தலைகளை எண்ணுங்கள்.

மூன்றாவது, மிதக்கும் பொருள் ஒன்றும் நீளமான கயிறும் எப்போதும் கையோடு இருக்கட்டும். யாராவது தத்தளித்தால் குச்சியையோ துணியையோ எட்டிக் கொடுங்கள். எட்டாவிட்டால் மூடிய காலித் தோங், ஐஸ் பெட்டி, காலிப் புட்டி என்று மிதக்கும் எதையாவது எறிந்து கொடுங்கள். நீங்களாகக் குதிக்காதீர்கள். தம்பியைக் காப்பாற்றக் குதித்த அண்ணனும் சேர்ந்து மூழ்கிய செய்தியை நாம் நாளிதழ்களில் பலமுறை படித்துவிட்டோம். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை உடனே அழையுங்கள். கரை சேர்த்தவருக்கு மூச்சு இல்லையென்றால் மீட்பு மூச்சும் மார்பழுத்தமும் தர வேண்டும். அதைக் கற்றவர் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும்.

நான்காவது, ஏதேனும் தவறு நடந்தால் மறைக்காதீர்கள். அறிக்கையில் எழுதுங்கள். நாங்கள் எழுதாமல் விட்டதால், எங்களுக்குப் பின் வந்த குழுக்களும் அதே அமைதியை நம்பித்தான் போயிருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்திருந்தால் அது நற்பேறுதான், எங்கள் பொறுப்புணர்ச்சி அன்று.

நெய்தல் பாடத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. கடற்கரையிலேயே அமர்ந்து அதைப் படியுங்கள். மாலைச் சூரியன் மலாக்கா நீரிணையில் இறங்கும்போது எற்பாடு என்னும் சொல்லைச் சொல்லிக் கொடுங்கள். ஓதம் என்றால் என்ன என்பதைக் காலடியில் நீர் ஏறும்போது காட்டுங்கள். நீந்தத் தெரிந்த பிள்ளைக்கு அந்தச் சொற்கள் வெறும் தேர்வுக் குறிப்பாக இருக்கமாட்டா.

சென்ற மார்ச் மாதம், பருந்துகளைப் பார்த்துவிட்டு இறங்கி வந்த பிறகு, மகள் நீரில் இறங்க வேண்டும் என்றாள். அட்டவணையைப் பார்த்தேன். கடல் இறங்கி முடித்து மீண்டும் ஏறுவதற்கு இன்னும் நேரமிருந்தது. அவளோடு இடுப்பளவு நீர்வரை போனேன். அவள் மல்லாந்து படுத்து, காதுகள் நீருக்குள் இருக்க, கண்ணை மூடி மிதந்தாள். அவள் முதுகுக்குக் கீழே என் கையை வைத்திருந்தேன், ஆனால் அவளுக்கு அது தேவைப்படவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அம்மா பாயிலிருந்து எழுந்து வந்து நீரோரத்தில் நின்றுகொண்டிருந்தார். சேலை நுனி நனைந்திருந்தது. கை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்தபடி பேத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"எவ்வளவு நேரம் அப்படியே படுத்திருப்பா?" என்று கேட்டார்.

"அவளுக்குப் போதும்னு தோணுற வரைக்கும்" என்றேன்.

சென்ற வாரம் அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது. பள்ளி விடுமுறையில் மீண்டும் அங்கே போகலாமா என்று கேட்டார். சரி என்றேன். போனை வைப்பதற்கு முன், "அன்னிக்குத் தண்ணி எத்தனை மணிக்கு ஏறும்னு பார்த்து வச்சுக்கோ" என்றார்.